யாருக்காகப் பழுது பார்ப்பது?

1930-ல் சென்னை அருங்காட்சியகம் ஒரு ரஸாயனக்காரரை வேலைக்கு எடுத்தது. பெயர் எஸ். பரமசிவன். அப்போது அருங்காட்சியகத்தின் தலைமையில் இருந்தவர் எஃப். ஹெச். கிரேவ்லி, சிலந்திகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்த விலங்கியல்காரர். இரண்டு வருஷம் கழித்து, 1932-ல், இதே கிரேவ்லிதான் டி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து அங்கிருந்த செப்புத் திருமேனிகளுக்கு ஒரு பட்டியல் நூல் கொண்டுவந்தார். சிலைகளை வரிசைப்படுத்திப் பெயர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அவற்றில் பல பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்ததையும் அவர் பார்த்திருக்கிறார். பட்டியல் போட்டால் போதாது, பட்டியலில் உள்ளது நாளைக்கும் இருக்க வேண்டும் என்ற சாதாரண புத்தி அது. நம்முடைய ஸ்தாபனங்களில் அந்தச் சாதாரண புத்தி எவ்வளவு அபூர்வம் என்பது வாசகருக்குத் தெரியாததல்ல.

அந்தப் பச்சைப் பொடிக்கு வெண்கல நோய் என்று பெயர். நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த செம்பில் உப்பு ஏறிவிடுகிறது. தாமிரத்தோடு சேர்ந்த அந்த உப்பு, வெளியே எடுத்ததும் காற்றின் ஈரத்தைக் குடித்து அமிலமாகிறது. அமிலம் புதிய செம்பைத் தின்கிறது. தின்றதிலிருந்து மறுபடி உப்பு, மறுபடி அமிலம். இப்படி ஒரு சக்கரம். மேலே துடைத்து எண்ணெய் பூசினால் நிற்காது. உப்பை உள்ளிருந்து இழுத்தாக வேண்டும். பரமசிவன் கைக்கொண்டது மின்சார வழி. காஸ்டிக் சோடா கரைசலில் திருமேனியை முக்கி, அதையே எதிர்மின் முனையாக்கி, சுற்றிலும் இரும்பைத் தொங்கவிட்டு, மெல்லிய மின்சாரம் செலுத்தினால் உப்பு கரைசலுக்குள் இறங்கும். நாள் கணக்கில், சிலசமயம் வாரக் கணக்கில் நடக்கிற வேலை. பிறகு தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். கடைசித் தண்ணீரில் உப்பு இல்லை என்று சோதித்துத் தெரிந்த பிறகுதான் கையெடுக்கலாம். சோழர் காலத்து விரல் நுனிகளும் நக வளைவுகளும் இன்று சென்னையில் கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறதென்றால், அதில் ஸ்தபதிக்கு ஒரு பங்கு, இந்த மனிதரின் தொட்டிக்கும் ஒரு பங்கு.

இதே பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் போனார். அங்கே 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் காலத்து ஓவியம் உதிர்ந்த இடங்களில் அடியில் சோழ ஓவியம் இருப்பதைக் கண்டு சொல்லியிருந்தார். பரமசிவன் சுவரின் சாந்தையும் வண்ணத்தையும் துளித்துளியாக எடுத்துச் சோதித்தார். ஈரச் சுண்ணாம்பின்மேல் எழுதிய ஓவியம் என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஆய்வு 1937-ல் வெளியானது. எங்கே? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடம் நடத்திய ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில். தஞ்சாவூர்ச் சுவரின் சுண்ணாம்பைப் பற்றி மாஸசூஸெட்ஸில் உள்ளவர்கள் தெரிந்துகொண்டார்கள். தஞ்சாவூரில் சுண்ணாம்பு அரைத்துச் சுவர் பூசிக்கொண்டிருந்த கொத்தனார்களுக்கு அவர்களுடைய பாட்டன்மாரின் வித்தையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பரமசிவனைக் குறை சொல்லவில்லை. அவருடைய சகாக்கள் அங்கேதான் இருந்தார்கள். இங்கே அவர் பேசுவதைக் கேட்க ஒரு பத்திரிகை, ஒரு பள்ளி, ஒரு கூட்டம் கிடையாது. ஆனால் என் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழுது பார்க்கக் கற்றவர் யாரோடு பேசக் கற்றுக்கொள்கிறார்?

இதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. 1878-ன் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் அகப்பட்ட பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். படையெடுப்புக்கு அஞ்சியோ வேறு காரணத்துக்கோ ஊரார் புதைத்துவைத்து, பிறகு புதைத்த இடமே மறந்துபோன திருமேனிகள் இப்படித்தான் ஏர்முனையிலும் மண்வெட்டியிலும் அகப்பட்டு எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. நாகப்பட்டினத்துப் பௌத்தத் திருமேனிகள், 1856 முதல் வெளிப்பட்ட சுமார் முன்னூற்றைம்பது, இன்னும் சுத்தமான உதாரணம். கும்பிட்டவர்களின் சமூகமே அந்த ஊரில் இல்லாமல் போயிருந்தது. ஆக, நம்முடைய நவீனப் பாதுகாப்புக் கலை பிறந்தபோது அதன் முன் இருந்தது உரிமை கேட்க ஆளில்லாத பொருள். அபிஷேகம் கிடையாது, நைவேத்தியம் கிடையாது, திருவிழா கிடையாது. அதைத் தொட யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. அந்தப் பொருளின்மேல்தான் கைப்பழக்கம் ஏற்பட்டது. அந்தக் கைப்பழக்கம்தான் பாடமானது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அருங்காட்சியகத்தைச் சவக்கிடங்கு என்று திட்டுவது இப்போது எல்லோருக்கும் சுலபமாக வருகிறது. 1939-ல்தான் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அதற்கு முன், ஒரு நடராஜனை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால், பறையர் வீட்டுப் பையனுக்குக் கோயில் கதவு திறக்காது. எழும்பூரின் கதவு திறக்கும். கருவறையின் புனிதத்தைக் கண்ணாடிப் பெட்டி கெடுத்துவிட்டது என்று உருகுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். ‘உள்ளூர்ச் சமூகம்’ என்ற வார்த்தையைச் சொல்லும்போது எந்தத் தெருவரை அந்தச் சமூகம் என்று கேட்கத்தான் வேண்டும்.

இனி மறுபக்கம். கோயில் பழுது பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு தத்துவமே இல்லாதது போலவும், அது வெளியிலிருந்து வந்த சாமான் போலவும் பேசுகிறோம். ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமங்களில் தனிப் பகுதியே இருக்கிறது. பழுது தொடங்குமுன் பாலாலயம். மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ அத்திப் பலகையில் எழுதிய உருவிலோ ஏற்றி வேறிடத்தில் வைத்துவிடுவார்கள். பூஜை அங்கே நடக்கும். பிறகு கருவறையில் இருப்பது வெறும் கல். கல்லைக் கொத்தலாம், பெயர்க்கலாம், அஷ்டபந்தனத்தைச் சுரண்டி மறுபடி சாத்தலாம். சின்ன உறுப்பு போனால் சரிசெய்யலாம், பெரிய உறுப்பு போனால் விட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம், சக்தி திரும்புகிறது.

ரோமில் 1939-ல் நிறுவப்பட்ட மத்தியப் பழுதுபார்ப்பு நிலையத்தின் முதல் தலைவர் சேஸரே பிராண்டி. 1963-ல் வந்த தன் நூலில் அவர் அடித்தளமாக வைத்த கருத்து, பழுது பார்ப்பவன் தொடுவது கலைப்படைப்பின் ஜடப்பொருளை மட்டுமே என்பது. படிமம் அவன் கைக்கு அப்பாற்பட்டது. அது தொடர்ந்து தெரிவதற்காகத்தான் பொருளில் கைவைக்கிறான். இந்த இடத்தில் குருக்களும் பிராண்டியும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் அடுத்த அடியில் பிரிந்துவிடுகிறார்கள். பிராண்டிக்கு அந்தப் பொருள் காலத்தின் வழியே வந்த தடம் அழியக் கூடாது. புதிதாகச் சேர்த்தது எது என்று கிட்டத்தில் பார்த்தால் தெரிய வேண்டும். ஆகமத்துக்குத் தடம் ஒரு பொருட்டல்ல. சக்தி வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது. பழைய கல் போனால் புதுக் கல். இரண்டுமே முழுமையான சிந்தனைகள். ஒன்றைக் கற்றவர் மற்றதை மூடநம்பிக்கை என்றும், மற்றதைக் கற்றவர் முதலாவதை வெள்ளைக்காரன் வேலை என்றும் ஒதுக்குவதுதான் இங்கே நடந்த ஒரே விவாதம்.

விவாதம் நடக்காததன் விலை என்ன? சிவபுரம் நடராஜன் கதையை எடுத்துக்கொள்வோம். 1951-ல் மண்ணிலிருந்து கிடைத்த திருமேனி, விதிவிலக்காக ஊர்க் கோயிலுக்கே கொடுக்கப்பட்டது. 1954-ல் பழுது பார்க்க ஒரு ஸ்தபதியிடம் போனது. திரும்பி வந்தது புது வார்ப்பு. ஊர் அதைத்தான் கும்பிட்டது. 1965-ல் பிரிட்டிஷ் மியூஸியத்தின் டக்ளஸ் பாரட் தன் சோழச் செப்புத் திருமேனி நூலில், கோயிலில் இருப்பது நகல், அசல் தனியார் கையில் என்று எழுதிய பிறகுதான் நமக்கு விஷயம் தெரிகிறது. 1973-ல் அமெரிக்காவின் நார்ட்டன் ஸைமன் அதை வாங்கினார். வழக்குக்குப் பின் ஓர் ஒப்பந்தமாகி, 1986-ல் இந்தியா திரும்பியது. இதைத் திருட்டுக் கதையாக மட்டும் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. எனக்கு இது பழுதுபார்ப்பின் கதையாகவே படுகிறது. அருங்காட்சியகக் கூடத்தில் பயின்ற ஒருவர் செய்கிற முதல் காரியம் மருந்து போடுவதல்ல: அளப்பது, எடை போடுவது, எல்லாப் பக்கமும் படம் எடுப்பது, எங்கே விரிசல், எங்கே பழைய ஒட்டு என்று தாளில் குறிப்பது. வேலை முடிந்ததும் மறுபடி இவ்வளவும். அப்படி ஒரு தாள் சிவபுரம் கோயில் பெட்டியில் இருந்திருந்தால் பதினொரு வருஷம் போயிருக்காது. ஸ்ரீபுரந்தான் நடராஜன் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-ல் திரும்பியதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எப்போதோ கோயிலில் எடுத்துவைத்திருந்த புகைப்படம் சாட்சி சொன்னதை நினைத்துக்கொள்ளலாம். பழுது பார்க்கும் தொழிலில் ஊருக்கு முதலில் தேவைப்பட்டது மின்சாரத் தொட்டியே அல்ல. ஒரு காமிரா, ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம்.

சுவர்களின் கதை இன்னும் மோசம். உற்சவரைத் திருடினால் போலீஸ் உண்டு. சுவரை அழித்தால் அது திருப்பணி.

தஞ்சை ஜில்லாவில் ஒரு சின்னக் கோயில், பெயர் வேண்டாம். முன்மண்டபத்து விதானத்தில் ராமாயணம் எழுதியிருந்தது. மராட்டியர் காலத்தது என்று நினைக்கிறேன். பெரிய கலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காட்சிக்குக் கீழே தமிழில் ஓடிய ஒருவரி விளக்கங்களில் இலக்கணம் பற்றிய கவலையே இல்லாத பேச்சுமொழி. அதற்காகவே இரண்டாம் முறை போனேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. கும்பாபிஷேகம் ஆகி ஒரு மாதம். தர்மகர்த்தா பெருமையோடு அழைத்துப் போய்க் காட்டினார். கொத்தனார் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. “பழைய பூச்சு பொருபொருன்னு இருந்திச்சுங்க. அதும் மேல அடிச்சா நிக்காது. சுரண்டிட்டுத்தான் அடிச்சோம்” என்றார். தொழில் தெரிந்த மனிதர். அவர் சொன்னது தொழில்ரீதியில் சரி. பொருபொருவென்று இருந்த பூச்சுக்குப் பின்னால் சுண்ணாம்பை மெல்லிய ஊசியால் செலுத்திச் சுவரோடு பிடிக்கவைக்கலாம் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் அவர் கைக்கு அது ஒரு வாரப் பாடம்.

கொத்தனாரிடம் உள்ள அறிவையும் நாம் உதறியிருக்கிறோம் என்பது இன்னொரு பாதி. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து மூச்சுவிடும். சுவருக்குள் புகுந்த ஈரம் அதன் வழியே வெளியேறும். அந்த இடத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரம் ஓவியத்தின் பக்கமாக வெளியேறப் பார்க்கும். வருகிற வழியில் உப்பைக் கொண்டுவந்து வண்ணத்துக்கடியில் படிய வைக்கும். வண்ணம் செதில் செதிலாகக் கழலும். சுண்ணாம்பு அரைத்த தலைமுறை போய், சிமெண்ட் மூட்டை வந்த பிறகு நம் கோயில்களில் கழன்று விழுந்த ஓவியத்துக்குக் கணக்கே இல்லை. அப்புறம் மணல் வீச்சு. கருங்கல் தூணில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அழுத்தக் காற்றில் மணலை அடித்தார்கள். பிசுக்கும் போனது, கல்வெட்டின் எழுத்தும் போனது. தடை உத்தரவு வந்தது, பல கோயில்களில் வேலை முடிந்த பிறகு. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 உத்தரவுகள் கொண்ட தீர்ப்பை வழங்கியது. கலைப் பிரச்னை இங்கே கடைசியில் கோர்ட்டில்தான் வந்து நிற்கும்.

தஞ்சைக்குத் திரும்புவோம். மேலே நாயக்கர், அடியில் சோழர். பிற்காலத்தில் தொல்லியல் துறையின் ரஸாயனப் பிரிவினர் நாயக்கர் ஓவியத்தைச் சில இடங்களில் அப்படியே பெயர்த்தெடுத்து வேறு பலகையில் ஏற்றி வைத்தார்கள். அடியிலிருந்த சோழ ஓவியம் வெளிப்பட்டது. கைத்திறன் என்ற அளவில் சாதாரண காரியமல்ல. அதைச் செய்தவர்களுக்கு நம் மரியாதை. ஆனால் எது வேண்டும், எது இடம்பெயரலாம் என்று யார் தீர்மானித்தது? ராஜராஜன் காலத்தது உயர்வு, நாயக்கர் காலத்தது மூடிய திரை என்ற மதிப்பீடு ஏற்கெனவே நம் பாடப்புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. நான் கேட்டாலும் சோழ ஓவியத்தைத்தான் கேட்டிருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நாயக்கர் ஓவியன் சோழச் சுவரின்மேல் எழுதியபோது அவன் செய்ததும் ஒரு திருப்பணிதான். அவனுக்கு அந்தச் சுவர் பொக்கிஷமல்ல, உபயோகத்தில் உள்ள சுவர். அவன் மறைத்ததால்தான் சோழ ஓவியம் விளக்குப் புகையிலிருந்தும் மனிதக் கையிலிருந்தும் தப்பியது என்பது ஒரு வேடிக்கை. இந்தத் தீர்மானம் ஒரு ஊரின் முன் வைத்துப் பேசப்பட்டிருக்க வேண்டியது. பேசப்பட்டிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம்.

பயிற்சிக்கான ஸ்தாபனங்கள் இல்லாமலில்லை. யுனெஸ்கோவின் பொதுமாநாடு 1956-ல் கூடியது நம் டெல்லியில். கலைப்பொருள் பாதுகாப்புக்கு ஒரு சர்வதேச மையம் வேண்டும் என்று தீர்மானமானது அங்கேதான். 1959-ல் ரோமில் அது வேலை தொடங்கியது. பிரிட்டிஷ் மியூஸியத்தின் ஹெரால்ட் பிளெண்டர்லீத் முதல் தலைவர். அடுத்து, 1957-ல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிப் பள்ளி. 1976-ல் லக்னோவில் ஓ. பி. அக்ரவால் தலைமையில் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம்; 1989-ல் டெல்லியில் தேசிய அருங்காட்சியக நிறுவனம். மாமல்லபுரம் புதிதாகச் செய்யக் கற்றுக்கொடுத்தது. லக்னோவும் டெல்லியும் பழையதைக் காக்கக் கற்றுக்கொடுத்தன. உளி பிடித்த மாணவனுக்கு அளவுப்பிரமாணம் தெரியும், உப்பு தெரியாது. ரஸாயனம் படித்த மாணவிக்கு உப்பு தெரியும், பாலாலயம் என்றால் என்ன, எந்த நாளில் எதைத் தொடலாம் என்பது தெரியாது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வருஷம் படிக்கும் ஏற்பாடு யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றக்கூடாத விஷயமல்ல. நம்மைப்போலவே முன்னோர் குடியிருக்கும் மரத்தையும் கல்லையும் கொண்ட ஜனங்கள் வேறு இடத்திலும் உண்டு. நியூஸிலாந்தில் மாவோரிகளின் குலமன்றம், ஊர் கூடும் கட்டடம் மட்டுமல்ல, ஒரு மூதாதையின் உடம்பு. முகட்டு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். அதில் செதுக்கிய ஓர் உருவத்தைப் பெயர்த்துப் பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோக யாருக்கு மனம் வரும்? அங்கே க்ளிஃப் வைட்டிங் போன்ற மாவோரிக் கலைஞர்கள் எடுத்த வழி, நிபுணர் ஊருக்குப் போவது. குலத்தாரே சுரண்டவும் கழுவவும் வண்ணம் சேர்க்கவும் கற்றுக்கொள்வது. எதைப் பழையபடி விடுவது, எதைப் புதிதாக எழுதுவது என்று மன்றத்திலேயே பேசித் தீர்ப்பது. வேலை முடிந்து நிபுணர் போன பிறகும் அடுத்த மழைக்கு என்ன செய்வது என்று தெரிந்த நாலு பேர் ஊரில் மிச்சம்.

நம்மிடமும் அதன் சாயல் ஒன்று உண்டு. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில், சிங்காதனம் என்ற ஓவியர் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய முசுகுந்தன் கதை. தியாகராஜர் தேவலோகத்திலிருந்து ஆரூருக்கு வந்த வரலாறு, வாணவேடிக்கையோடும் வாத்தியங்களோடும், அடியில் தமிழ் விளக்கத்தோடு. அழிந்துகொண்டிருந்த இதை இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டையொட்டி, சென்னையின் பிரக்ருதி அமைப்பும் இன்டாக் நிறுவனமும் முயன்று பழுது பார்த்தன. ஓவியம் கோயிலிலேயே இருந்தது, பெயர்த்துப் போகவில்லை. இது ஒரு கோயிலுக்கு நடந்தது. தமிழ்நாட்டில் எத்தனை கோயில்?

அதே திருவாரூரில் இன்னொன்றும் இருக்கிறது: ஊர் ஊராகக் கோயில்களிலிருந்து பாதுகாப்புக்கென்று கொண்டுவந்து சேர்த்த திருமேனிகளின் கூடம். பத்தூர் நடராஜனும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. 1976-ல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் அகப்பட்டு, லண்டனுக்குப் போய், 1982-ல் ஒரு கனடா கம்பெனியின் உடைமையாகி, பழுது பார்ப்பதற்காகப் பிரிட்டிஷ் மியூஸியத்தில் விட்டிருந்தபோதுதான் போலீஸ் அதைக் கைப்பற்றியது. 1988-ல் லண்டன் நீதிமன்றத்திலும் 1991-ல் மேல்முறையீட்டிலும் கோயிலின் சிவனே ஒரு கட்சிக்காரனாக நின்று ஜெயித்தான். ஜெயித்து வந்தவனுக்கு ஊர்ப் பூஜை கிடைக்கவில்லை, பூட்டு கிடைத்தது. பூட்டிய அறையின் ஈரக் காற்றில் வெண்கல நோய் எப்படி வளரும் என்பதைப் பரமசிவன் 1930-லேயே சொல்லியிருப்பார். கண்ணாடிப் பெட்டியில் இருந்தால் ரஸாயனக்காரர் பார்ப்பார். கோயிலில் இருந்தால் தினம் திருமஞ்சனம் செய்கிற குருக்கள் கண்ணில் பச்சைப்புள்ளி படும். கூடத்தில் இருப்பதை யார் பார்ப்பது?

போன வருஷம் கும்பகோணம் பக்கத்தில் ஒரு குருக்கள், அறுபது வயதிருக்கும், அம்பாளின் முழங்கைக்குக் கீழே சுண்டுவிரல் அகலத்துக்கு இருந்த வெளிர்பச்சையைக் காட்டினார். தொட்டால் பொடி ஒட்டியது. “புளி போட்டுத் தேய்ச்சா போயிடறது, ஸார். ரெண்டு மாசத்தில் மறுபடி வந்துடறது. எலுமிச்சம்பழம் நல்லதா, புளியே போறுமா?” என்று கேட்டார். இரண்டுமே அமிலம், இரண்டுமே கூடாது என்று மட்டும் சொன்னேன். சரி, வேறென்ன செய்யட்டும் என்றார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரஸாயனக் கூடத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். அம்பாளை அங்கே அனுப்பச் சொல்வார்களோ என்று பயந்தார். சிலையை அனுப்ப வேண்டாம், முதலில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். பிரதோஷத்துக்குப் பேரன் வருவான், அவனிடம் காமிரா இருக்கிறது என்றார்.